முன் வரும் ‘இன்’, பின் வரும் ‘இன்’

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் திருவண்ணாமலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் ஆங்கில இலக்கணத்தைப் பற்றிப் பேச வந்தவனை நீங்கள் ஐயத்தோடு பார்ப்பது இயற்கையே. ஆயினும் இத்தலைப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் வட்டத்துக் கவிஞர்களின் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுதியாக வெளியிட வேண்டும் என்ற விருப்பம் நம் கூட்டங்களில் பலமுறை எழுந்திருக்கிறது. எழுந்தபோதெல்லாம் ஓர் அச்சம் அதைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் அகராதி துணை நிற்கிறது. ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘டு’, ‘ஃபார்’, ‘வித்’ என்னும் சின்னஞ்சிறு சொற்களின் முன்னேதான் நம் எழுதுகோல் தயங்கி நின்றுவிடுகிறது. இந்த அச்சம் தேவையற்றது என்பதையும், அதைப் போக்கும் மருந்து நம் இலக்கண நூல்களிலேயே இருக்கிறது என்பதையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

முதலில் இச்சொற்கள் யாவை என்று பார்ப்போம். ஒரு பெயருக்கு முன்னே நின்று, அப்பெயர் தொடரின் பிற உறுப்புகளோடு கொள்ளும் உறவைக் காட்டுவதால் இவற்றை முன்னிடைச்சொல் என்கிறோம். நம் மொழியில் அவ்வுறவைக் காட்டுபவை பெயருக்குப் பின்னே நிற்கும் வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் ஆகும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், வடமொழியிலிருந்து திராவிட மொழிகள் வேறுபடும் இடங்களை எண்ணும்போது இந்தப் பின்னிற்கும் இயல்பையும் ஒன்றாக எண்ணினார். ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் முன்னே வரும் ‘இன்’னும் ‘ஆன்’னும் ஒலியளவில் நமக்குப் பழையவை. ‘இன்’ நம் ஐந்தாம் வேற்றுமை உருபு. ‘ஆன்’ மூன்றாம் வேற்றுமைக்குரிய பழைய உருபு. ஒலி ஒன்றாயினும் பொருள் வேறு, நிற்கும் இடமும் வேறு. ஆங்கிலத்தார் வாயிலில் நிறுத்திய காவலனை நாம் கொல்லைப்புறத்தில் நிறுத்தியிருக்கிறோம். காவல் தொழில் ஒன்றே.

ஆங்கிலத்தாரும் ஒரு காலத்தில் கொல்லைப்புறக் காவலையே நம்பியிருந்தனர். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் இறுதியில் விகுதி ஏற்று வேற்றுமைப்பட்டன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய காலத்தை ஒட்டிய சில நூற்றாண்டுகளில் அவ்விகுதிகள் தேய்ந்து மறைந்தன. அவை செய்துவந்த வேலையைச் சொல்லின் வரிசை முறையும் முன்னிடைச்சொற்களும் ஏற்றுக்கொண்டன. உடைமைப் பொருளில் பெயரின் ஈற்றில் ஒட்டி நிற்கும் ‘ஸ்’ ஒன்றே பழைய வீட்டின் இடிந்த சுவரென இன்றும் எஞ்சியிருக்கிறது. எனவே முன்னிடைச்சொல் நம் அறிவுக்கு எட்டாத புதுப்பொருள் அன்று. இடம்பெயர்ந்த வேற்றுமையே அது.

‘தமிழில் இல் என்ற ஒரே உருபு இருக்க, ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் எதற்கு?’ என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். நம் ஊரையே சான்றாகக் கொள்வோம். ‘கார்த்திகையில் திருவண்ணாமலையில் தீபம் ஏற்றுகிறார்கள்’ என்பது குறையற்ற தமிழ்த் தொடர். இதை ஆங்கிலமாக்கப் புகுந்தவுடன் ஒரு கேள்வி வழிமறிக்கிறது. எந்தத் திருவண்ணாமலை? ஊர் என்றால் ‘இன்’ வேண்டும். விடியற்காலையில் கோயிலுக்குள் ஏற்றும் பரணி தீபம் என்றால் ‘இன்சைடு’ அல்லது ‘அட்’ வேண்டும். மாலையில் 2,668 அடி உயரச் சிகரத்தில் ஏற்றும் மகா தீபம் என்றால் ‘ஆன்’ வேண்டும். நமக்கு ஊரும் மலையும் இறைவனும் ஒரே பெயர். மூன்றையும் ஓர் உருபு தாங்கிவிடுகிறது. ஆங்கிலமோ அடைத்துவைக்கும் இடம், மேற்பரப்பு, புள்ளி என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது.

இதைக் கொண்டு தமிழ் நுட்பம் குறைந்த மொழி என்று எவரேனும் முடிவு கட்டினால், அவர் நன்னூலைத் திறந்து பார்க்கவில்லை என்றே பொருள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல் ஏழாம் வேற்றுமைக்கு 28 இடப்பொருள் உருபுகளைக் கூறுகிறது. தொல்காப்பியம் 19 சொற்களை எண்ணி, இவை போல்வன பிறவும் உண்டு என்று கதவைத் திறந்தே வைக்கிறது. கண், கால், தலை, வாய், அகம், புறம், உள், மேல், கீழ், முன், பின், சார், புடை, உழை என நீளும் அப்பட்டியலைப் பாருங்கள். உடம்பின் உறுப்புகளே இடத்தின் பெயர்களாகி நிற்கின்றன. நாம் இன்று ‘இல்’ ஒன்றை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துவது மொழியின் வறுமையால் நேர்ந்ததன்று, நம் சிக்கனத்தால் நேர்ந்தது. ஆங்கிலம் ‘எங்கே, எப்படி?’ என்று கேட்கும்போதெல்லாம் நம் பழைய பெட்டியைத் திறக்க ஒரு வாய்ப்பு நேர்கிறது.

இனி, என் உரையின் மையத்துக்கு வருகிறேன். உறவைத் தீர்மானிப்பது எது? பெயரா, உருபா? நான் கண்டவரையில் தீர்மானிப்பது வினையே. ‘மலையில் வீழும் அருவி’, ‘மலையில் வாழும் புலி’ என்னும் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் பெயர் மலை, உருபு இல். முன்னது நீங்கற் பொருளில் வந்த ஐந்தாம் வேற்றுமை. பின்னது இடப்பொருளில் வந்த ஏழாம் வேற்றுமை. வேறுபாட்டைத் தருபவை வீழ்தலும் வாழ்தலும் ஆகிய வினைகளே. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘ஃப்ரம்’, பின்னதற்கு ‘ஆன்’ அல்லது ‘இன்’. தமிழர் வினையைப் பார்த்துப் பொருளை உணர்கிறார். ஆங்கிலேயர் அதே பொருளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

இவ்வுண்மையைத் தொல்காப்பியர் தெளிவாகக் கண்டிருக்கிறார். சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என்று தனி இயலே வகுத்தார். அங்கே, அச்சப் பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் ஒப்ப வரும் என்கிறார். அதாவது கள்ளரை அஞ்சினான் என்றாலும், கள்ளரின் அஞ்சினான் என்றாலும் பொருள் ஒன்றே. இன்று நாம் கள்ளருக்கு அஞ்சினான் என்கிறோம். கள்ளரைக் கண்டு அஞ்சினான் என்றும் சொல்கிறோம். அஞ்சுதல் என்ற வினை தனக்கு வேண்டிய உருபைக் காலந்தோறும் தானே தெரிவு செய்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அச்சம் ‘ஆஃப்’ என்பதைத் தெரிவு செய்தது. ஏன் என்று கேட்பதில் பயனில்லை. அது அவ்வினையின் வழக்கு.

ஆகவே முன்னிடைச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. வினையோடு சேர்த்தே கற்க வேண்டும். ‘லுக்’ என்ற வினை ‘அட்’ என்பதோடு சேர்ந்தால் பார்த்தல். ‘ஃபார்’ என்பதோடு சேர்ந்தால் தேடுதல். ‘ஆஃப்டர்’ என்பதோடு சேர்ந்தால் பேணுதல். இவற்றை ஒரு வினையின் மூன்று வடிவங்கள் என்று கொள்ளாமல் மூன்று வினைகள் என்றே கொள்ளுங்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று நம்மவர் எழுதுவதற்குக் காரணம், தமிழில் ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம் என்பதே. அந்த ஆங்கில வினை செயப்படுபொருளை நேரே ஏற்கும். அதற்கு இடைத்தரகர் வேண்டா. ‘ரீச்’ என்பதும் அப்படியே. நாம் ஊருக்கு வந்து சேர்கிறோம். ஆங்கிலேயர் ஊரை அடைகிறார். ‘அடைதல்’ என்ற நம் வினையும் ஐ உருபையே ஏற்கிறது என்பதை நினைத்தால் அங்கே ‘டு’ சேர்க்கும் பிழை நேராது.

தமிழே துணைக்கு வரும் இடங்கள் இன்னும் உண்டு. ‘சின்ஸ்’ எங்கே, ‘ஃபார்’ எங்கே என்று குழம்புவோர் பலர். ‘பத்தாண்டுகளாக’ என்று கால அளவைச் சொல்லும் இடத்தில் ‘ஃபார்’ வரும். ‘2015 முதல்’ என்று தொடக்கத்தைச் சொல்லும் இடத்தில் ‘சின்ஸ்’ வரும். தமிழில் இவ்விரண்டையும் எவரும் மாற்றிச் சொல்வதில்லை. நம் வாயில் தெளிவாக இருப்பதை ஆங்கிலத்தில் குழப்பிக்கொள்வானேன்? ஆங்கிலம் கலந்துவிட்டதைத் தமிழ் பிரித்துக் காட்டும் இடமும் உண்டு. கத்தியால் வெட்டினான், நண்பனோடு வந்தான் என்று நாம் கருவிப் பொருளையும் உடனிகழ்ச்சிப் பொருளையும் வேறு வேறு உருபால் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘வித்’ போதும்.

அந்த ‘வித்’ என்ற சொல்லின் வரலாறு கவிஞர்களுக்குச் சுவை தரும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘எதிராக’ என்பதே பொருள். எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்டு’ என்ற சொல்லில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. எதிர்ப்பைக் குறித்த சொல்லே பின்னாளில் துணையைக் குறித்தது. நம் நான்காம் வேற்றுமையை எண்ணிப் பாருங்கள். கொடைக்கும் பகைக்கும் ‘கு’ உருபே என்று நன்னூல் கூறும். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள் என்பதிலும், பாம்புக்குப் பகை கீரி என்பதிலும் உருபு ஒன்றே. ஒருவரை நோக்கித் திரும்புவதுவரை உருபின் வேலை. திரும்பியபின் கை கொடுப்பதோ கை ஓங்குவதோ வினையைப் பொறுத்தது. இதே ‘கு’வை நம் ஊரில் தீப நாளன்று பல்லாயிரம் குரல்களில் கேட்கிறோம். ‘அண்ணாமலைக்கு அரோகரா’ என்ற முழக்கத்தை ஆங்கிலமாக்க முயலுங்கள். ‘டு’ என்பதா, ‘ஃபார்’ என்பதா? வினையே வெளிப்படாத முழக்கம் அது. அங்கே வினை, மக்களின் உயர்ந்த கைகளில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதைக் கண்ட பின்னரே சொல்லைத் தெரிந்தெடுக்க முடியும்.

கவிஞர்கள் குறிப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் சொல்லுருபுகளில் பல, வினையெச்சங்களாகப் பிறந்தவை. மலையை நோக்கி நடந்தான் என்கிறோம். அந்த ‘நோக்கி’க்குள் ஒரு கண் இருக்கிறது. மலையைச் சுற்றி வந்தான் என்பதில் ஒரு நடை இருக்கிறது. ஊரிலிருந்து வந்தான் என்பதில், முதலில் அவன் ஊரில் இருந்தான் என்ற வாழ்வு இருக்கிறது. அவனைவிட இவன் பெரியவன் என்னும்போது ஒருவனை விட்டுவிடுகிறோம். அவனைப் பற்றிப் பேசினோம் என்னும்போது ஒருவனைப் பிடித்துக்கொள்கிறோம். நாள்பட்ட பழக்கத்தில் இந்த வினைகள் உறங்கிவிட்டன. நல்ல கவிதை இவற்றில் ஒன்றைத் தட்டி எழுப்பிவிடும். எழுந்து நிற்கும் ‘நோக்கி’யை ‘டுவர்ட்ஸ்’ என்று மொழிபெயர்த்தால் திசை கிடைக்கும், பார்வை போய்விடும். உறங்கும் ‘நோக்கி’க்கு அதே சொல் முற்றும் பொருந்தும். எது உறங்குகிறது, எது விழித்திருக்கிறது என்று அறிவதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை. அதை அவருக்குச் சொல்லத் தக்கவர் கவிஞர்தாம்.

நம் மாவட்டம் தந்த சங்க நூல் ஒன்று இதற்கு ஏற்ற சான்றாகும். பத்துப்பாட்டில் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம், இங்கிருந்து மேற்கே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். ஆற்றுப்படை ஆதலின், நூல் நெடுகிலும் வழி சொல்லப்படுகிறது. தினைப்புனத்தில் கவண்கல் பறந்து வரும், மரங்களின் பின்னே மறைந்து செல்லுங்கள் என்கிறது. வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பற்றிக்கொண்டு கடவுங்கள் என்கிறது. வழி பிரியும் இடத்தில், பின்வருவோர் திகைக்காதிருக்கப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறது. முன், பின், மேல், கீழ், ஊடே, ஓரமாய் என்று ஒவ்வோர் அடியும் இடத்தின் உறவைக் காட்டி நிற்கிறது. அங்கே ஓர் உருபு பிறழ்ந்தால் கூத்தர் வழுக்கி விழுவர்! இலங்கைத் தமிழறிஞர் ஜே. வி. செல்லையா பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலமாக்கி 1946இல் வெளியிட்டார். அத்தகைய பணிக்குப் புகுவோர் எத்தனை முன்னிடைச்சொற்களைத் தேர வேண்டியிருக்கும் என்று எண்ணினால் மலைப்பு உண்டாகிறது.

அந்நூலின் பெயரே ஒரு சோதனை. மலைபடுகடாம் என்பதில் உருபு மறைந்து நிற்கிறது. மலையை யானையாகவும், அதில் எழும் பல்வகை ஓசையை யானையின் மதமாகவும் உருவகித்த பெயர் அது. ஓசை மலையில் எழுந்ததா, மலையிலிருந்து எழுந்ததா? தமிழில் தொகைச்சொல் இரண்டையும் மூடிக் காத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘இன்’ என்றோ ‘ஃப்ரம்’ என்றோ அவிழ்த்தே தீர வேண்டும். நம் புதுக்கவிதைகளிலும் இத்தகைய தொகைகள் நிறைய உண்டு. மலைச்சுனை, கோபுர நிழல், மழைவாசம் என்று எழுதிவிடுகிறோம். அவிழ்க்கும் உரிமையை மொழிபெயர்ப்பாளரின் ஊகத்துக்கு விட்டுவிடாமல், நான் எண்ணிய உறவு இதுதான் என்று கவிஞர் சொல்ல வேண்டும். அவருக்கே விடை தெரியாத இடமும் இருக்கலாம். அப்படியானால் அவ்வடியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

குறுந்தொகைப் பாடல்களின் தெரிவை 1967இல் ஆங்கிலத்தில் தந்த ஏ. கே. இராமானுசன், தமிழ்த்தொடரின் அமைப்பு ஆங்கிலத் தொடரின் கண்ணாடி நிழல் போல் தலைகீழானது என்பதைத் தம் கட்டுரை ஒன்றில் விளக்கிக் காட்டியிருக்கிறார். நாம் கடைசியில் வைப்பதை அவர்கள் முதலில் வைப்பார்கள். எனவே தமிழ்க் கவிதையின் இறுதிச் சொல்லில் திறக்கும் கதவு, ஆங்கிலத்தில் முதலடியிலேயே திறந்துவிடும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க அடிகளின் வரிசையை ஆளக் கற்றார் அவர். உருபைச் சரியாகப் பெயர்ப்பது இலக்கணம். அது எந்த அடியில் வர வேண்டும் என்று அறிவது கவித்துவம்.

இது ஒருவழிப் பாதை அன்று. ஆங்கிலத்தின் முன்னிடைச்சொற்கள் நம் உரைநடைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்துகொண்டிருக்கின்றன. ‘அவர் தலைமையின் கீழ் விழா நடந்தது’ என்று எழுதுகிறோம். தலைமை என்ன பந்தலா, அதன் கீழே அமர்வதற்கு? அவர் தலைமையில் விழா நடந்தது என்றால் தமிழ் நிறைவு பெறுகிறது. ‘அரசின் மீதான விமர்சனம்’ என்கிறோம். அரசைப் பற்றிய விமர்சனம் என்பதில் என்ன குறை கண்டோம்? புதிய வழக்குகள் யாவும் தீயன என்று நான் வாதிடவில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்பதில் கோடு என்ற உருவகம் இருப்பதால் ‘கீழ்’ அங்கே பொருந்தி அமர்கிறது. பொருந்தாத இடத்தில் நுழையும் ‘கீழ்’தான் களையத் தக்கது. ஆங்கில முன்னிடைச்சொல்லை நன்கு கற்றவரே இவ்வூடுருவலை எளிதில் அடையாளம் காண்பார். ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்பதனால் கெடுவது தமிழும்தான்.

ஆங்கிலத் தொடர் முன்னிடைச்சொல்லில் முடியக்கூடாது என்று நம் பள்ளிகளில் கற்பித்த விதியைப் பற்றியும் ஒரு சொல். 1672இல் கவிஞர் டிரைடன், தமக்கு முந்திய பென் ஜான்சனின் தொடர்களில் இதைக் குற்றமென்று சுட்டினார். இலத்தீன் மரபை ஒட்டி எழுந்த கருத்து அது. ஆங்கில மக்கள் அன்றும் இன்றும் அவ்வாறு முடித்தே பேசுகிறார்கள். உறவுச் சொல்லைப் பின்னே வைத்துப் பழகிய நமக்கு அதில் நாணம் வேண்டா.

அன்பர்களே, என் வேண்டுகோள் எளிது. நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் அடியெடுத்து வைக்கிறது. ஆங்கிலத் தொகுதிக்கான பணியை இனியும் ஒத்திப்போட வேண்டா. மாதக் கூட்டத்துக்கு ஒரு கவிதை எடுத்துக்கொள்வோம். கவிஞர் ஒருபுறமும் மொழிபெயர்ப்பாளர் மறுபுறமும் அமரட்டும். வெளிப்பட்ட உருபு, மறைந்த உருபு ஆகிய அனைத்தையும் முதலில் கோடிட்டுக்கொள்வோம். ஒவ்வொன்றும் எந்த வினைக்குரியது என்று கேட்போம். விடை கிடைத்தபின் ஆங்கிலச் சொல்லைத் தேடுவோம். ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளையும் அக்கூட்டத்துக்கு அழைத்து வருவோம். பட்டியலை மனப்பாடம் செய்து களைத்த அவர்கள், தம் தாய்மொழியிலேயே திறவுகோல் இருப்பதைக் கண்டு மகிழ்வார்கள். அவர்களுள் ஒருவர் நாளை மலைபடுகடாத்தின் வழியை ஆங்கிலத்தில், ஓர் உருபும் வழுவாமல், சொல்லக் கூடும்.